வீட்டுக் கணினியும் பழைய ஹைஃபையும்: பாட்டு கெடாமல் வருவது எப்படி?



உங்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய ஹைஃபை செட் இருக்கிறதா? பல வீடுகளில் இன்னும் இருக்கும். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் ஆம்ப்ளிஃபையர், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. கேசட் போட்டால் நாடாவைத் தின்னும். சிடி தட்டு வெளியே வராது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி பாட்டு கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் கீச்சுக் குரலில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தச் செட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்க. அதில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் அசைகிற பாகங்கள்தான்: கேசட் பெல்ட், மோட்டார், சிடி லென்ஸ். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பல நேரம் நன்றாகவே இருக்கும். பாட்டைக் கொடுக்கிற ஆள்தான் இல்லை. அந்த வேலையை உங்கள் வீட்டுக் கணினி செய்யும். எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். கூடவே, நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்கிறேன். அதை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

முதல் பாடம்: நான்கு கண்ணிகள்

பாட்டு நம் காதுக்கு வரும் வழியை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு கண்ணிகள்.

ஒன்று, மூலம். அதாவது கணினியில் இருக்கும் பாட்டுக் கோப்பு.
இரண்டு, மாற்றி. கோப்பில் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்களை மின் அலையாக மாற்றும் சில்லு இது. எல்லாக் கணினியிலும் ஒன்று உள்ளேயே இருக்கிறது.
மூன்று, ஆம்ப்ளிஃபையர். சின்ன அலையைப் பெரிதாக்கும்.
நான்கு, ஸ்பீக்கர். மின் அலையைக் காற்றில் அசைவாக்கும்.

இந்தச் சங்கிலிக்கு ஒரே ஒரு விதி. முன்னால் இருக்கும் கண்ணியில் தொலைந்ததைப் பின்னால் இருக்கும் கண்ணி திருப்பித் தராது. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கராக இருந்தாலும் சரி, கோப்பில் இல்லாத ஒலியை அது உண்டாக்க முடியாது. இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

இரண்டாம் பாடம்: இணைப்பு

தேவையானது ஒரே ஒரு வயர். ஒரு முனையில் இயர்போன் பிளக் மாதிரி 3.5 மில்லிமீட்டர் பிளக். மறு முனையில் சிவப்பு, வெள்ளை நிறத்தில் இரண்டு பிளக்குகள். இதை ஆர்சிஏ வயர் என்று கேட்டால் எலக்ட்ரிக் கடையில் கொடுப்பார்கள். பெரிய விலை இல்லை.

ஒற்றை முனை கணினியின் இயர்போன் துளைக்குள் போகும். மேசைக் கணினியாக இருந்தால் பின்புறம் இளம்பச்சை நிறத் துளை. சிவப்பும் வெள்ளையும் ஆம்ப்ளிஃபையரின் பின்புறம். சிவப்பு வலது, வெள்ளை இடது. அங்கே பல ஜோடித் துளைகள் இருக்கும். 'ஆக்ஸ்', 'சிடி', 'டியூனர்' என்று எழுதியிருக்கும் எதிலும் செருகலாம்.

'ஃபோனோ' என்று எழுதியிருப்பதில் மட்டும் செருகாதீர்கள். அது இசைத்தட்டு சுழலிக்கானது. அந்தச் சுழலியின் ஊசி தருவது மிக மிகச் சிறிய சிக்னல் என்பதால், அந்தத் துளை வாங்கும் எதையும் சுமார் 100 மடங்கு பெருக்கும். கீழ்ஸ்தாயியை இன்னும் தூக்கிவிடும். கணினியை அதில் போட்டால் காது கிழியும், ஸ்பீக்கரும் போகலாம்.

இணைக்கும்போது ஒழுங்கு முக்கியம். ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கும்போதே வயரைச் செருகுங்கள். கணினியை முதலில் திறந்து, ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் திறக்க வேண்டும். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் 'டப்' என்று ஒரு அடி ஸ்பீக்கர் மேல் விழும்.

ஒலி அளவை எங்கே வைப்பது? கணினியில் 80 முதல் 90 விழுக்காடு வரை வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையர் குமிழை அடியிலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். கணினியில் குறைவாக வைத்து ஆம்ப்ளிஃபையரில் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலும் பெரிதாகும். கணினியில் இருக்கும் 'பாஸ் பூஸ்ட்', 'சரவுண்ட்' போன்ற அலங்காரங்களையும் அணைத்துவிடுங்கள். ஹைஃபைக்கு அது தேவையில்லை.

இன்னொன்று. கணினியின் அறிவிப்பு ஒலிகளையும் அணைக்க மறக்காதீங்க. கைப்பேசியில் சின்னதாகக் கேட்கும் 'டிங்' சத்தம் ஹைஃபையில் வந்தால் வீடே அதிரும். எங்கள் வீட்டில் சரியாகத் தீபாராதனை காட்டும் நேரத்தில் வந்தது. அம்மா திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கணினி தானாகத் தூங்கிப் போகும் அமைப்பையும் மாற்றி வையுங்கள். பாட்டு பாதியில் நிற்காது.

புளூடூத் வழியாக இணைக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் புளூடூத்தில் பாட்டு பெரும்பாலும் இன்னொரு முறை சுருக்கப்பட்டுத்தான் போகும். வீட்டு வேலை செய்துகொண்டே கேட்பதற்குப் போதும். உட்கார்ந்து கேட்பதற்கு வயர்தான் நல்லது.

மூன்றாம் பாடம்: 'ம்ம்ம்' என்ற சத்தம்

இணைத்ததும் பலருக்கு வரும் முதல் பிரச்சினை இது. பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று தம்புரா மாதிரி ஒரு முனகல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் நீங்கள் கேட்கும் முனகல்.

காரணம் இதுதான். கணினிக்கு சுவரில் ஒரு எர்த். ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு வழியில் ஒரு எர்த். அது அதன் பிளக் வழியாக இருக்கலாம், அல்லது டிவியோடு இணைத்திருந்தால் டிஷ் வயர் வழியாக இருக்கலாம். இரண்டும் ஒரே அளவில் இருக்காது. நாம் போட்ட ஆர்சிஏ வயர் இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் ஆக்கிவிடுகிறது. அந்த வட்டத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் முனகலாகக் கேட்கிறது.

சோதிப்பது சுலபம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் காரணம் எர்த் வட்டம்தான். முதலில் கணினியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் பேட்டரியிலேயே கேளுங்கள், அல்லது வயருக்கு நடுவில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சின்னப் பெட்டியைப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் வயரை வெட்டினால் சத்தம் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும். கூடவே, உள்ளே ஏதாவது பழுதானால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். தொடுகிற கை உங்கள் தங்கை கையாகவும் இருக்கலாம். உயிரை விடப் பாட்டு பெரிதில்லை.

முனகல் இல்லாமல், மவுஸை அசைக்கும்போதெல்லாம் 'கிர்கிர்' என்று கேட்டால் அது பெரும்பாலும் கணினியின் உள்ளே இருக்கும் மின் இரைச்சல். அப்போது மாற்றியை வெளியே கொண்டுவர வேண்டும். யூஎஸ்பியில் செருகும் சின்ன மாற்றிக் கருவி கடையில் கிடைக்கிறது. 'டேக்' என்று கேளுங்கள். வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை. முதலில் மூலத்தைச் சரி செய்வோம்.

நான்காம் பாடம்: பாட்டியின் காது

இனி என் தப்பு.

எங்கள் தாத்தா ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். மார்கழி மாதம் விடியற்காலையில் தோட்டத்துக் கோயிலில் பஜனை நடத்துவது அவர்தான். ஒரு கையால் ஆர்மோனியப் பெட்டியைக் காட்டி ஆளை உட்கார வைப்பார், இன்னொரு கையில் கைத்தாளம் தயாராக இருக்கும் என்று பாட்டி சொல்வார். ஒரு வருஷம் மாமா அதைக் கேசட்டில் பதிவு செய்தார். பிறகு தோட்டம் விற்கப்பட்டது. லயத்து வீடுகளை இடித்துவிட்டுத் தாமான் கட்டினார்கள். தாத்தாவும் போய்விட்டார். மிச்சம் இருந்தது அந்த ஒரு கேசட்.

ஐந்தாம் படிவம் படிக்கும்போது அதை நான் மடிக்கணினியில் ஏற்றினேன். கேசட் பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர், மடிக்கணினியின் மைக் துளைக்கு. சத்தம் நல்லா வரணும்னு முழுசா ஏத்தி வெச்சேன். இடம் மிச்சமாகட்டும் என்று 64 கிலோபிட் எம்பி3 ஆகச் சேமித்தேன். ஒரு மணி நேரம் முழுவதும் 30 மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. பெருமையாக இருந்தது. "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியா? அப்ப இந்தக் கேசட் வேணாமா?" என்று அம்மா கேட்டார். "வேணாம்மா" என்றேன். அந்த வருஷத் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது அது போய்விட்டது.

மடிக்கணினி ஸ்பீக்கரில் கேட்டவரை ஒன்றும் தெரியவில்லை. போன வருஷம் செமஸ்டர் விடுமுறையில் ஹைஃபையை இணைத்தேன். முதல் பாட்டாகத் தாத்தாவைத்தான் போட்டேன். பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "குரல் அவரு குரல்தான்யா. ஆனா தாளம் இப்படி இருக்காதே. தண்ணியில போட்ட மாதிரி இருக்கு."

பாட்டி பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நான் பொறியியல் படிக்கிறேன். அவர் சொன்னது அப்படியே சரி.

என்ன நடந்தது என்று பாருங்கள். மனிதக் காது கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. கேட்க வேண்டிய உச்ச ஒலியின் இரண்டு மடங்குக்கும் மேல் அளந்தால்தான் அந்த ஒலியை முழுசாகத் திரும்பப் பெற முடியும். ஒவ்வோர் அளவும் 16 பிட். இரண்டு பக்கமும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட். ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 மெகாபைட்.

எம்பி3 இதை எப்படிச் சின்னதாக்குகிறது? நம் காது எதைக் கவனிக்காது என்று கணக்குப் போட்டு, அந்தப் பகுதிகளைத் தூக்கி எறிகிறது. 256, 320 கிலோபிட்டில் எறிவது குறைவு. பலருக்கு வித்தியாசமே தெரியாது. 64 கிலோபிட்டில் இடம் போதாமல் கேட்கும் ஒலிகளையும் எறிய வேண்டியதாகிறது. முதலில் அடிபடுவது மேல்ஸ்தாயி ஒலிகளும் திடீரென்று விழும் தட்டுகளும். கைத்தாளம் என்பது இந்த இரண்டும் சேர்ந்தது. 'ஜிங்' என்று விழ வேண்டியது 'ஷ்வ்வ்' என்று கரைந்துவிட்டது. பாட்டி சொன்ன 'தண்ணி' இதுதான்.

இரண்டாவது தப்பு, சத்தத்தை முழுசா ஏற்றியது. 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேல் சத்தம் வந்தாலும் கணினி அதையேதான் எழுதும். அலையின் தலை கத்தியால் வெட்டிய மாதிரி சமமாகிவிடும். தாத்தா உச்சத்தில் பாடும் இடமெல்லாம் கரகரவென்று இருப்பது அதனால்தான். வெட்டிய தலையை ஒட்ட முடியாது. மென்பொருள் கொஞ்சம் பூசி மறைக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது தப்புதான் பெரியது. மூலத்தை விட்டுவிட்டேன். கேசட் இருந்திருந்தால் முதல் இரண்டையும் ஒரு சாயங்காலத்தில் திருத்தியிருக்கலாம். 64 கிலோபிட் கோப்பை 320 ஆக மாற்றிப் பார்த்தேன். கோப்புதான் பெரிதானது. தாளம் திரும்பவில்லை. முதல் பாடத்தில் சொன்ன விதி ஞாபகம் இருக்கிறதா?

சமய வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். ஓதுவார்கள் பண்ணை ஏட்டைப் பார்த்து மட்டும் கற்கவில்லை. குரு பாட, சீடர் கேட்டு, அதே மாதிரி பாடித்தான் வழிவழியாக வந்தது. ஏட்டில் சொல் இருக்கும். ராகத்தின் வளைவும் மூச்சு விடும் இடமும் காது வழியாகத்தான் வரும். தோட்டத்துக் கோயில் பஜனையும் அப்படித்தான். பாட்டு வரிகள் எங்கள் வீட்டு நோட்டில் இருக்கின்றன. தாத்தா அதை எந்தத் தாளக்கட்டில் எடுத்தார் என்பதற்கு அந்தக் கேசட் ஒன்றுதான் சாட்சி.

ஐந்தாம் பாடம்: கேசட்டைச் சரியாக ஏற்றுவது

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி குரல், கோயில் திருவிழா, பழைய பஜனை ஏதாவது கேசட்டில் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். கடையில் வாங்கிய கேசட்டுகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் பல, நல்ல தரத்தில் முறையாகவே வாங்கக் கிடைக்கும். வீட்டில் பதிவு செய்ததற்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. அதுதான் முதலில்.

1. நாடாவைப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் ஓட்டாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நன்றாக இருந்தால் ஒரு முறை கடைசி வரை முன்னால் ஓட்டி, திரும்பப் பின்னால் சுற்றுங்கள்.

2. நல்ல கேசட் டெக் ஒன்றை இரவல் வாங்குங்கள். நாடாவைத் தின்னும் செட்டில் போட்டுப் பார்க்கவே கூடாது. அதன் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

3. டெக்கின் 'லைன் அவுட்' துளையிலிருந்து மேசைக் கணினியின் இளநீல 'லைன் இன்' துளைக்கு வயர் போடுங்கள். மடிக்கணினியில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்காது. மைக் துளை மட்டும் இருக்கும், அதுவும் பொதுவாக ஒற்றைப் பக்க ஒலிதான். அதற்கு 'லைன் இன்' உள்ள யூஎஸ்பி ஒலிக்கருவி வேண்டும்.

4. 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் போதும். 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வையுங்கள். பாட்டின் உச்ச இடத்தை ஓட்டிப் பார்த்து, அளவுகோல் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அமையுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் பிறகு கூட்டலாம். வெட்டுப்பட்டால் போச்சு.

5. முதல் சேமிப்பு 'வேவ்' அல்லது 'ஃபிளாக்' வடிவத்தில். ஃபிளாக் எதையும் எறியாமல் சுருக்கும். வேவில் பாதி அளவுக்கு வரலாம். கைப்பேசிக்கு எம்பி3 வேண்டுமானால் இதிலிருந்து ஒரு நகல் எடுங்கள். இரைச்சல் நீக்குவதும் நகலில்தான்.

6. கோப்புக்கு 'ட்ராக் 1' என்று பெயர் வைக்காதீர்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்தக் கோயில், எந்த வருஷம் என்று எழுதுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

7. இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வையுங்கள். மூன்றாவது பிரதி சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும்.

8. கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூடி போட்ட டப்பாவில், வெயிலும் ஈரமும் படாமல், ஸ்பீக்கர் காந்தத்துக்கு எட்டத்தில் வையுங்கள்.

இந்த மாத வேலை

போன மாதம் எங்கள் கிளையின் சமய வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். யார் வீட்டில் கேசட் இருக்கிறது? அடுத்த வாரம் பதினொன்று வந்து சேர்ந்தன. ஒன்றில் பூசணம். இரண்டில் ஒன்றுமே இல்லை. மீதி எட்டையும் மேலே சொன்னபடி ஏற்றிவிட்டோம். ஒரு தங்கையின் கொள்ளுத்தாத்தா பாடிய காவடிப் பாட்டு அதில் இருந்தது. அவள் அந்தக் குரலைக் கேட்டது அதுதான் முதல் முறை.

உங்கள் கிளையிலும் இதைச் செய்யலாம். ஒரு மேசைக் கணினி, ஒரு நல்ல டெக், இரண்டு பேர், சனிக்கிழமை சாயங்காலம். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அலமாரிக்கு மேல், பழைய பிஸ்கட் டின்னுக்குள், படுக்கைக்கு அடியில் தேடச் சொல்லுங்கள். ஏற்றி முடித்ததும் ஹைஃபையில் போட்டு, பாடியவரைத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சரியா இருக்கான்னு அவங்கதான் சொல்லணும்.

தாத்தாவின் கோப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பாட்டி அதைப் போடச் சொல்வார். தாளம் வரும் இடங்களில் அவரே தொடையில் தட்டிக்கொள்வார்.